யானைக்கு நீட்டிய வாழைப்பழமும் நாம் விட்டுவந்த பொலித்தீனும்

பெருநாள் முடிந்த மறுநாளே எமது ஊர்களில் வேன்களுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். முன்பெல்லாம் நுவரெலியா, கண்டி என்று போனவர்கள் இப்போது யால, குமண, வில்பத்து, உடவளவை, மின்னேரியா என்று தேசிய பூங்காக்களை நோக்கிப் போகிறார்கள். இது நல்ல மாற்றம். ஆனால் எப்படிப் போகிறோம், அங்கே எப்படி நடந்துகொள்கிறோம், எதை விட்டுவிட்டு வருகிறோம் என்பதைப் பற்றி நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை. என் குடும்பத்துக்கு நடந்த ஒரு சம்பவத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் சிறியவர் பெரியவர் என்று பதினான்கு பேர் ஒரே வேனில் யால பார்க்கப் புறப்பட்டோம். மொனராகலை தாண்டி, புத்தல - கதிர்காமம் வீதியில் போய்க்கொண்டிருக்கும்போது நடுவீதியில் ஒரு யானை நின்றது. அந்த வீதியில் யானைகள் உணவுக்காக வாகனங்களை மறிப்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம். தெரிந்தே நாங்களும் வாழைப்பழச் சீப்புகள் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். தங்கையின் மகன் கண்ணாடியை இறக்கி ஒரு பழத்தை நீட்டினான். யானை வாங்கிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினோம், தொலைபேசிகளில் படம் பிடித்தோம். அடுத்த நிமிடம் தும்பிக்கை முழுவதும் வேனுக்குள் வந்துவிட்டது. பழப் பையைத் தேடிய அது, பின்னிருக்கையில் இருந்த உம்மாவின் மடியிலிருந்த பையையும் இழுத்தது. பிள்ளைகள் அலறினார்கள். சாரதி பதற்றத்தில் வாகனத்தை எடுக்க, பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. ஆனால் உம்மா அன்றிலிருந்து காட்டுப் பாதை என்றாலே வரமாட்டேன் என்கிறார்.

அன்று நாங்கள் யானையைத்தான் குறை சொன்னோம். பிறகு யோசித்துப் பார்த்தால், குற்றவாளிகள் நாங்கள்தான். வீதியில் பழம் கொடுத்துப் பழக்கப்பட்ட யானை மனிதனைக் கண்டால் விலகாது, நெருங்கும். கொடுக்காத வாகனத்தை அது தட்டும், கவிழ்க்கும். எனக்குப் பின்னால் அந்த வீதியில் மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு கூலித் தொழிலாளிக்கு நான் என்ன வைத்துவிட்டுப் போனேன்? பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று படித்த சமூகம் நாம். பாதையில் ஒரு யானையை நிறுத்திவைத்துவிட்டு வருவது என்ன கணக்கு?

இதன் பின்னணியையும் பார்க்க வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 காட்டு யானைகள் பதிவாகின. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 400க்கும் அதிகமான யானைகளும் 150க்கும் அதிகமான மனிதர்களும் மனித - யானை மோதலால் உயிரிழந்தனர். துப்பாக்கி, சட்டவிரோத மின்கம்பி, 'ஹக்க பட்டாஸ்' எனும் வாய்வெடி, ரயில் என்று யானையின் மரணத்துக்குப் பல வழிகள். மனிதனைக் கண்டு பயப்படாத யானை இவற்றில் ஏதாவது ஒன்றில் சீக்கிரம் சிக்கிவிடுகிறது. நாம் அன்பாக நீட்டும் பழம் அதற்கும் நல்லதல்ல, எமக்கும் நல்லதல்ல. வனவிலங்குகளுக்கு உணவு கொடுப்பது சட்டப்படியும் தடைசெய்யப்பட்டது.

சரித்திரத்தில் எமக்கு ஒரு பழைய பாடமும் இருக்கிறது. 1344ஆம் ஆண்டளவில் புத்தளத்தில் வந்திறங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, பாவா ஆதம் மலைக்குப் போன பாதையைப் பற்றி எழுதியிருக்கிறார். யானைகள் நிறைந்த காடு, குரங்குக் கூட்டங்கள், அட்டைகள், அட்டைக்கு மருந்தாக மக்கள் கையில் வைத்திருந்த எலுமிச்சை என்று எல்லாவற்றையும் குறித்துவைத்தார். அவர் சொல்லும் ஒரு கதை முக்கியமானது. அவருக்குப் பல காலம் முன்னர் ஷெய்க் இப்னு கபீப் தமது சீடர்களுடன் அந்தக் காட்டுவழியே வந்தாராம். பசி தாங்காத சீடர்கள், ஷெய்க் தடுத்தும் கேட்காமல், ஒரு யானைக் குட்டியை அறுத்துச் சாப்பிட்டார்கள். இரவில் யானைகள் கூட்டமாக வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்து, சாப்பிட்டவர்களைக் கொன்றன. சாப்பிடாத ஷெய்க்கை முதுகில் ஏற்றி ஊர் எல்லையில் கொண்டுபோய் விட்டன. இது நடந்ததா இல்லையா என்பதல்ல விடயம். காட்டுக்குள் நுழைபவன் கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதை ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்த மண்ணில் முஸ்லிம் பயணிகள் பேசிக்கொண்டார்கள் என்பதே விடயம்.

வில்பத்து என்ற பெயரைக் கேட்டாலே எமக்கு மனம் கனக்கும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முசலி மக்கள், யுத்தம் முடிந்து மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி பகுதிகளுக்குத் திரும்பியபோது, அவர்களது ஊர்களைக் காடு மூடியிருந்தது. பிறகு அதில் ஒரு பகுதி வன ஒதுக்கமாகவும் அறிவிக்கப்பட்டது. இருபது வருட அகதி வாழ்க்கையைப் பற்றி ஒரு வரியும் எழுதாத ஊடகங்கள், அவர்களைக் 'காடழிப்பவர்கள்' என்று நாடு முழுவதும் காட்டின. அது அநியாயம். அதே நேரம், பூங்காவுக்கு வடக்கேயுள்ள கல்லாறு காட்டுப் பகுதி அழிக்கப்பட்டது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. மக்களின் மீள்குடியேற்ற உரிமையும் காட்டின் பாதுகாப்பும் இரண்டும் உண்மைகள். ஒன்றைச் சொல்ல மற்றதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கேள்வி. வில்பத்துவுக்காக முகநூலில் சண்டையிட்ட எம்மில் எத்தனை பேர் அதற்குள் போய்ப் பார்த்திருக்கிறோம்? 1,300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்பைக் கொண்ட நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா அது. மழைநீர் நிரம்பி இயற்கையாக அமைந்த 'வில்லு'கள்தான் அதற்குப் பெயர் கொடுத்தன. பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடிகள் மரமேறும் காட்சியைக் காண அதைவிட நல்ல இடம் இல்லை. கடற்கரையில் இருக்கும் குதிரைமலை, ரோம எழுத்தாளர் பிளினி குறிப்பிட்ட ஹிப்புரோஸ் துறைமுகம் என்று ஆய்வாளர் பலர் கருதும் இடம். முத்துக்குளிப்புக்குப் பெயர்போன அந்தக் கரையோரத்துக்கு அரபு வணிகர்களும் வந்து போனார்கள். இந்த மண்ணில் எமது வேர் எவ்வளவு ஆழம் என்று மேடைகளில் பேசுகிறோம். அந்த மண்ணைப் பிள்ளைகளுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதில்லை.

அதே வில்பத்துவில் 2006 மே மாதம் கண்ணிவெடியில் சிக்கி எழுத்தாளர் நிஹால் டி சில்வா உட்பட ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். யுத்தம் முடிந்த பின்னர் 2010இல்தான் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது. இன்று பயமில்லாமல் போய்வர முடிகிறதென்றால் அது பெரிய நிஃமத். அந்த நிஃமத்தை அலட்சியத்தால் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அலட்சியம் எமது சமூகத்துக்கு மட்டும் உரியதல்ல. 2022 ஒக்டோபரில் யாலவுக்குள் சொகுசு ஜீப்கள் தாறுமாறாக ஓடிய காணொளியை நாடே பார்த்தது. அதற்கு நீதிமன்றம்வரை போகவேண்டி வந்தது. ஒரு சிறுத்தை தென்பட்டால் போதும், நிமிடங்களில் இருபது முப்பது ஜீப்கள் முண்டியடிக்கின்றன. இதில் சாரதியை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. "சிறுத்தை காட்டினால் மேலதிகமாகத் தருகிறோம்" என்று ஆசை காட்டுவது நாம். அவர் 25 கிலோமீற்றர் வேக எல்லையை மீறுவது எமது காசுக்காக. நிர்வாகத்திலும் குறை இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஜீப் என்ற கட்டுப்பாடு இறுக்கமாக இல்லை. பெருநாள், புதுவருடம், நீண்ட விடுமுறை நாட்களில் நெரிசல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தும் ஏற்பாடுகள் போதவில்லை. அறிவித்தல் பலகைகளும் வழிகாட்டல்களும் தமிழில் ஒழுங்காக இல்லாததும் ஒரு குறை. விதியைப் படிக்க முடியாதவனிடம் விதியை எதிர்பார்ப்பது எப்படி? வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் நாம் கேட்க வேண்டிய முதல் விடயம் இது.

திணைக்களம் செய்யும்வரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியவை பல. கண்ட இடத்தில் ஜீப்பிலிருந்து இறங்கக் கூடாது. அனுமதிக்கப்பட்ட இடங்களில் மாத்திரம் இறங்கலாம். யால கடற்கரையில் உள்ள பத்தனங்கல அப்படியொரு இடம். 2004 டிசெம்பர் 26 அன்று அங்கே சுனாமியில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. அதே நாளில் உறவுகளை இழந்த கிழக்கு மக்களாகிய நாம் அதன் முன் நின்று பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய உண்டு.

யானைக்கும் குட்டிக்கும் இடையில் வாகனத்தைக் கொண்டுபோகக் கூடாது. கன்னத்தில் மதநீர் வடியும் ஆண் யானையை விட்டுத் தூரமாக நிற்க வேண்டும். காதை விரித்து, தலையை உயர்த்தி எம்மையே பார்த்தால் அது எச்சரிக்கை. கூச்சலிடாமல், ஹோர்ன் அடிக்காமல், அதற்கு வழிவிட்டு மெதுவாகப் பின்வாங்க வேண்டும். குளம், களப்பு, ஆறு எதிலும் கை கால் கழுவ இறங்கக் கூடாது. 2017 செப்டெம்பரில் அறுகம்பேக்கு அருகே ஒரு களப்பின் கரையில் இளம் பிரித்தானிய ஊடகவியலாளர் ஒருவர் முதலைக்குப் பலியானது எமது பகுதியினருக்கு மறந்திருக்காது. வுழூச் செய்யத் தண்ணீர் வேண்டுமென்றால் போத்தலில் கொண்டுபோகலாம்.

தொழுகையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பூங்கா காலை 6 மணி முதல் மாலை 6 மணிவரைதான். காலைச் சுற்றை முடித்துவிட்டு வெளியே வந்து லுஹர் தொழலாம். மாலைச் சுற்று என்றால் பயணிகளுக்கான சலுகைப்படி லுஹரையும் அஸரையும் முன்னதாகவே சேர்த்துத் தொழுதுவிட்டு உள்ளே போகலாம். யால பக்கம் கிரிந்தையிலும் ஹம்பாந்தோட்டையிலும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. திட்டமிட்டால் நடுக்காட்டில் இறங்க வேண்டிய தேவையே வராது.

கடைசியாக, குப்பை. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் சுற்றுப்புற ஊர்களின் குப்பைகள் கொட்டப்படும் மேட்டில், பிளாஸ்டிக்கையும் பொலித்தீனையும் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் படத்துடன் எழுதின. அது யாருடைய குப்பை? எமது வீட்டு லன்ச் சீட், எமது கல்யாண வீட்டுப் பொலித்தீன் பை, எமது கடைத்தெருவின் கழிவு. இறந்த யானையின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டவையும் பொலித்தீன் பைகளும் உணவு சுற்றிய தாள்களும்தான். பூங்காவுக்குப் போய் யானை பார்க்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். ஊருக்குப் பின்னால் அதே யானையை எமது குப்பையால் கொல்கிறோம். பூங்காவில் சாப்பாட்டுப் பார்சலைக் கட்டும்போதும் ஊரில் குப்பைப் பையைக் கட்டும்போதும் இந்தப் படம் எமது கண்முன் வரவேண்டும்.

இதைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைகளும் இளைஞர் அமைப்புகளும் கையிலெடுக்கலாம். பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில் ஐந்து நிமிடம் பேசினால் போதும். சுற்றுலா ஏற்பாடு செய்பவர்கள் ஒரு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் அச்சிட்டு வேனில் கொடுக்கலாம். இது அடுத்த சமூகங்களிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக அல்ல. பெயர் வரும், போகும். உயிர் போனால் வராது.

அடுத்த பெருநாளுக்கு நாங்கள் மீண்டும் போக நினைத்திருக்கிறோம், இம்முறை வில்பத்துவுக்கு. உம்மாவை இன்னும் சம்மதிக்க வைக்கவில்லை. தங்கையின் மகன் மட்டும், "மாமா, இந்த முறை வாழைப்பழத்த நாங்களே சாப்பிடுவோம்" என்கிறான்.