மாடிப்படியில் ஒரு பிணம்

ஆபீஸ் முடிந்து வருகிறேன். மயூர் விஹாரில் எங்கள் ஃப்ளாட் மாடிப்படியில் ஒரு பையன் செத்துக் கிடக்கிறான். சட்டையெல்லாம் தக்காளி சாஸ். "அப்பா, சத்தம் போடாம தாண்டிப் போயிடுங்க, டேக் போயிட்டிருக்கு" என்கிறாள் மகள். காலேஜ் போட்டிக்கு 12 நிமிஷ த்ரில்லராம். செமஸ்டர் பரீட்சைக்கு மூன்றே வாரம். பிணம் எழுந்து "நமஸ்தே அங்கிள்" என்றது. நான் கத்தினேன். அத்தனை பிள்ளைகள் முன்னாலும்.

கத்தியது தப்பு என்று சொல்லத்தான் இந்தப் புலம்பல்.

ஊரை விட்டு வந்த நமக்கு, பிள்ளைகளின் மார்க்கைத் தவிர வேறு சொத்து இல்லை என்று ஒரு பயம். அதனால் நம் வீடுகளில் சினிமா பார்க்கலாம், எடுக்கக் கூடாது. இத்தனைக்கும் நான் 'ஊமை விழிகள்' பார்த்து மிரண்ட தலைமுறை. 1986-ல் வந்த அந்த த்ரில்லரை எடுத்தது சென்னை திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த இளைஞர்கள். தயாரிப்பு ஆபாவாணன், இயக்கம் அரவிந்தராஜ். விஜயகாந்தை நடுத்தர வயது போலீஸ் அதிகாரியாக்கி, பழைய காதல் நாயகன் ரவிச்சந்திரனை வில்லனாக்கி, சினிமாஸ்கோப்பில் எடுத்து ஜெயித்தார்கள். அன்று விசிலடித்தவன்தான் இன்று மாடிப்படியில் கத்துகிறேன்!

என்னைக் கேட்டால், மாணவர்கள் எடுக்க வேண்டியது த்ரில்லர்தான். காமெடி சுமாராக இருந்தாலும் ஃப்ரெண்ட்ஸ் சிரித்து வைப்பார்கள். த்ரில்லரில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு ஓட்டை இருந்தால் மொத்தமும் காலி. ஹிட்ச்காக் சொன்ன கணக்கு தெரியுமில்லையா? குண்டு திடீரென்று வெடித்தால் சில விநாடி அதிர்ச்சி. மேஜைக்கு அடியில் அது இருப்பது நமக்கு முன்பே தெரிந்தால் கால் மணி நேரம் பதைப்பு. யாருக்கு எது, எப்போது தெரிய வேண்டும் என்று அடுத்தவர் மண்டைக்குள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இருபது வருஷமாக ப்ராஜக்ட் மீட்டிங்குகளில் நான் கற்றுக்கொள்ள முயல்வதும் இதைத்தான். இன்னும் வந்தபாடில்லை.

உறவுக்காரர்கள் முன் வாய் திறக்காத பெண், எங்கள் சொசைட்டி செக்ரட்டரியிடம் இந்தியில் பேசி மொட்டை மாடிச் சாவி வாங்கியிருக்கிறாள். டெல்லி கல்யாண சீசன், பாதி வசனம் பாராத் பேண்டு சத்தத்தில் போச்சு. விடிகாலை நாலு மணிக்கு, நடுங்கும் குளிரில், எல்லோரையும் எழுப்பி வசனத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்தார்கள். அவளுக்கு ரொம்பப் பிடித்த ஷாட்டில் சுவர்க் கடிகாரம் எட்டு காட்டியது, முந்தைய ஷாட்டில் ஆறே கால். அழுதுகொண்டே அதை வெட்டினாள்.

பரிசு கிடைக்கவில்லை. ஒரு பேப்பரில் மார்க்கும் குறைந்தது, மறைப்பானேன்.

ஆனால் படத்தைப் போட்டுக் காட்டியபோது பக்கத்து வீட்டு மாமி, "ஏண்டி, அந்தச் சாவி அவன் கைக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார். மகள் சண்டை போடவில்லை. "ஆமா மாமி, அதைக் காட்ட விட்டுட்டோம்" என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். தப்பைச் சொன்னால் சிலிர்த்துக்கொண்டு வாதாடும் எனக்கு இந்த வயதிலும் வராத பழக்கம் இது. எந்த கோச்சிங் சென்டரில் சொல்லித்தருகிறார்கள், சொல்லுங்கள்?

அன்று ராத்திரியே அவளிடம் சாரி சொன்னேன். அடுத்த படத்தில் எனக்கும் சான்ஸ் உண்டாம். பிணமாக. வசனம் கிடையாதாம், கத்தவும் முடியாது!