ஊர்ப்பெயரும் ஓர் அமானிதமே

ஊரின் பெயரை முன்வைத்து உணவுப் பொருளைச் சுட்டுதல் தமிழர்தம் நெடுநாள் வழக்கம். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா, மணப்பாறை முறுக்கு என்று சொல்லும்போதே அம்மண்ணின் வளமும் அம்மக்களின் கைப்பக்குவமும் நம் நினைவில் எழுகின்றன. வேற்றூர்ப் பண்டத்தை இப்பெயரிட்டு விற்பவன் வாங்குவோரை ஏமாற்றுகிறான். அப்பெயரை ஈட்டித் தந்தோரின் உழைப்பையும் கவர்கிறான். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டித்து, 'அல்முதஃப்பிஃபீன்' என்னும் அத்தியாயமே திருமறையில் அருளப்பெற்றுள்ளது. பெயரில் செய்யும் மோசடியும் அவ்வினத்தைச் சார்ந்ததே என்பது நம் கருத்து.

இம்மோசடியைத் தடுக்க எழுந்ததே புவிசார் குறியீட்டுச் சட்டம். 1999இல் இயற்றப்பெற்ற இச்சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னையிலேயே உள்ளது. ஐதராபாத் ஹலீம் 2010இலும், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கு 2023இலும் இக்குறியீட்டைப் பெற்றன.

இப்பேறு புகழுரையால் கிடைப்பதன்று. தனியொருவர்க்கு உடைமையாவதும் அன்று. உற்பத்தியாளர் கூட்டமைப்போ, சட்டப்படி அமைந்த நிறுவனமோதான் விண்ணப்பிக்க இயலும். விளையும் எல்லையைக் காட்டும் வரைபடம், செய்முறை, மண்ணுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு, பழைமைக்குரிய சான்று, தரத்தைச் சோதிக்கும் ஏற்பாடு ஆகிய அனைத்தையும் எழுத்தில் தருதல் வேண்டும். கடலைமிட்டாய்க்குத் தாமிரபரணி நீர் பயன்படுவதும் அவ்வாறே பதிவாயிற்று. பத்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தலும் வேண்டும்.

ஐரோப்பிய நாடுகள் 1992இலேயே பிறப்பிடத்திற்கு ஒரு முத்திரையும், மரபுவழிச் செய்முறைக்கு வேறொரு முத்திரையும் வகுத்தன. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பீட்சா 2010இல் பெற்றது இரண்டாம் வகை முத்திரையே. நம் நாட்டுச் சட்டமோ பிறப்பிடத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே ஊர்தோறும் பள்ளிவாசல்களில் காய்ச்சப்பெறும் நோன்புக் கஞ்சி, மரபால் எத்துணை உயர்ந்ததாயினும் ஓர் ஊர்க்கு மட்டும் உரியதென உரிமை கோர இயலாது. ஆயின், ஒரு வட்டாரத்து மண்ணில் விளையும் கனிக்கு அவ்வாய்ப்பு உண்டு.

கீரமங்கலத்தையும் வடகாட்டையும் சூழ்ந்த சிற்றூர்களின் பலாவை இந்நோக்கில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதன் சுவையை வணிகர் அறிவர், உண்டோர் அறிவர். ஏட்டில் அறிவோர் எத்துணைப் பேர்? 2018 நவம்பர் 16இல் வீசிய கஜா புயல், தென்னையோடு முதிர்ந்த பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. மரம் வீழ்ந்தால் கன்று நடலாம். அம்மரத்தை நட்டவர் யார், அதன் சுளையின் இயல்பு யாது, எச்சந்தைக்குச் சென்றது என்பனவற்றை அறிந்த முதியவர் மறைந்தால், அச்சான்றை மீண்டும் நட இயலுமா?

குறியீடு பெற்றாலும் வணிகர் சிலரே பயனடைந்து, இரண்டு மரம் வைத்திருக்கும் ஏழை உழவர் புறத்தே நிற்பாராயின் அம்முயற்சி வீணே. பெயரைப் பயன்படுத்த உரிமை பெறுவோர் பட்டியலில் அவரும் இடம்பெறுதல் வேண்டும்.

ஆதலின் தமிழ் பயிலும் மாணவச் செல்வங்கள் விடுமுறை நாள்களில் தோப்புகளுக்குச் செல்லுக; பெரியோர் வாய்மொழியைப் பதிவு செய்க; பலா வகைகளின் பெயர்களைத் தொகுக்க; மண்டிகளின் பழங்கணக்கேடுகளைப் படியெடுக்க. ஊர்ப் பெரியவர்கள் உழவரை ஒன்றுகூட்டிச் சங்கம் அமைக்க முன்வருக. முன்னோர் ஈட்டிய நற்பெயர் நம் கையில் ஒப்படைக்கப்பெற்ற அமானிதம். அதனைக் குறைவின்றி அடுத்த தலைமுறைக்கு அளிக்க வல்ல இறைவன் அருள் புரிவானாக!