பாதுகாப்பான ஆசனம் யாருக்குப் பாதுகாப்பு?

தேர்தலுக்கு முன்னரே முடிவு தெரிந்துவிட்ட தொகுதியை நம்மவர் பெருமையோடு ‘கோட்டை’ என்று அழைப்பர். அக்கோட்டைக்குள் இருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. உள்ளே இருப்பவர் அங்கத்தவர். வெளியே நிற்பவர் வாக்களித்த மக்கள். இதுவே எமது வாதம்.

முள்ளிவாய்க்கால் வாக்காளனின் நிலையை நோக்குவோம். அவனது வாக்கு மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களை இணைத்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படுகிறது. அதற்கு உரியவை ஆறு ஆசனங்கள். மூன்றனுள் வாக்காளர் தொகையிற் சிறியது முல்லைத்தீவு. கட்சிக்கு ஒரு வாக்கும், வேட்பாளருக்கு மூன்று விருப்பு வாக்குகளும் அளிக்கலாம். நந்திக்கடலோரத்து மீனவன் ஒருவன் வேட்பாளனாயின், மன்னார்த் தீவு வரை சென்று விருப்பு வாக்குத் திரட்டல் வேண்டும். பதவியில் இருப்பவருக்கோ பெயர் உண்டு, வாகனம் உண்டு, பத்திரிகையிற் படம் உண்டு. போட்டி தொடங்குமுன்பே பாதி முடிந்துவிடுகிறது. இடையில் ஓர் ஆசனம் வெற்றிடமாயின் முன்னைய முறையில் இடைத்தேர்தல் நடக்கும். மக்கள் தம் மனக்குறையை அங்கே காட்டுவர். இன்றைய முறையிலோ அப்பட்டியலிலே அடுத்த விருப்பு வாக்குப் பெற்றவர் வந்து அமர்வார். மக்களின் கருத்து கேட்கப்படுவதில்லை.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலே பதவியிலிருந்தவாறு மீண்டும் போட்டியிடுவோரிற் பத்தில் ஒன்பது பேர் திரும்பி வருதல் வழமை. நம் நாட்டிலோ 1982 டிசம்பர் 22ஆம் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பினால், 1977இல் தெரிவான பாராளுமன்றம் தன் ஆயுளை மேலும் ஆறாண்டுக்கு நீட்டிக்கொண்டது. தேர்தலே இன்றி ஆளுங்கட்சியின் ஆசனங்கள் அனைத்தும் ஒரே நாளிற் ‘பாதுகாப்பு’ப் பெற்றன. அதே பாராளுமன்றத்திலிருந்து, ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் 1983இல் வெளியேற நேர்ந்தது. 1977இல் வடக்கின் 14 தொகுதிகளையும் வென்ற கட்சி அது. முல்லைத்தீவுத் தொகுதி தன் முதல் அங்கத்தவராக எக்ஸ். எம். செல்லத்தம்புவைத் தெரிந்ததும் அத்தேர்தலிலேயே. கோட்டையின் வலிமை இவ்வளவுதான்.

பிற்காலத்திலும் நிலை மாறவில்லை. 2004இல் வன்னியின் ஆறு ஆசனங்களில் ஐந்தைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. மாற்றுக் குரலுக்கு இடமற்ற தேர்தல் அது. ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர் வடகிழக்கு நிலைமையைக் கடுமையாகக் குறைகூறினர். அப்பாராளுமன்றத்தின் காலத்திலேதான் 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் அழிந்தது. ஐந்து ஆசனங்கள் அதைத் தடுத்திருக்கும் என்று கூறும் பேதைமை எமக்கில்லை. எம் கேள்வி அதன் பின்னைய காலம் பற்றியது. 2012/13ஆம் ஆண்டின் அரச கணிப்பில் இலங்கையிலே வறுமை மிகக் கூடிய மாவட்டம் முல்லைத்தீவு: 28.8 வீதம். நாட்டின் சராசரி 6.7 வீதம். இவ்வெண்களைக் கையிலேந்தி எந்த அங்கத்தவர் கிராமம் கிராமமாய் வந்து கணக்குக் கொடுத்தார்? கொடாவிடினும் தோற்கமாட்டோம் என்ற உறுதி இருக்கையில் ஏன் கொடுக்க வேண்டும்?

‘போட்டி வேண்டாம், வாக்குச் சிதறினால் இனத்தின் குரல் சிதறும்’ என்பர். இது வெறும் பயமுறுத்தலன்று. சிறுபான்மை இனத்தின் நியாயமான அச்சம் என்பதை ஏற்கிறோம். ஆயின் வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் கடுமையாக மோதின. வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கமும், நல்லூரில் நாகநாதனும், உடுப்பிட்டியில் சிவசிதம்பரமும், யாழ்ப்பாணத்தில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் தோற்றனர். இனம் அழிந்துபோயிற்றா? இரண்டே ஆண்டில், 1972இல், அவ்விரு கட்சிகளும் ஓரணியில் இணைந்தன. 1977இல் காங்கேசன்துறையில் வென்று வந்த அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். எனவே போட்டி ஒற்றுமையைக் கெடுக்கும் என்பது உண்மையன்று.

ஒற்றுமையைக் கெடுத்தவர் யாவர்? 2024 நவம்பரில் கூட்டமைப்பின் முன்னாட் பங்காளிகள் வெவ்வேறு பட்டியல்களில் நின்றனர். 2020இல் வன்னியில் மூன்று ஆசனங்கள் பெற்ற அணியினர், இம்முறை தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, சனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு ஒன்று எனப் பங்கிட்டுக்கொண்டனர். தேசிய மக்கள் சக்தி இரண்டு பெற்று முன்னணியில் நின்றது. வாக்கைப் பிரிக்காதே என்று வாக்காளனுக்கு உபதேசித்தவர்கள் தாமே பிரிந்தனர். இன்று வென்றோரும் இதை வாழ்நாட் சாசனமாகக் கருதலாகாது.

நாம் கேட்பவை மூன்று. தொடர்ந்து இருமுறை அங்கத்தவராய் இருந்தவரைக் கட்சி மூன்றாம் முறை நிறுத்தாதிருக்கட்டும். வேட்பாளரைத் தலைமையகத்து அறையிலன்றிப் பிரதேசக் கிளைகளின் வாக்கெடுப்பால் தெரியட்டும். கரைதுறைப்பற்றிலும் புதுக்குடியிருப்பிலும் ஆண்டுக்கொரு முறையேனும் அங்கத்தவர் பகிரங்கக் கூட்டத்தில் வினாக்களுக்கு விடையிறுக்கட்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. கட்சிகளின் மனம் போதும்.

அம்மனத்தை உண்டாக்கும் கடமை கற்றோர்க்கும் உண்டு. மேடையில் மாலை தாங்கி நிற்பதை விடுத்து, மாலை சூடுவோரை வினாவும் துணிவு பல்கலைக்கழகத்திற் பிறக்கட்டும். தோல்விக்கு அஞ்சும் அங்கத்தவனே மக்களுக்குச் செவிசாய்ப்பான்.