நாலு சுவருக்குள் சாதி இல்லையா?

ஆய்வுக்காக ஒரு மகளிர் காவல் நிலையத்தில் சில நாட்கள் உட்கார்ந்திருந்தேன். சாதி மறுப்புத் திருமணம் செய்த தலித் பெண் ஒருவர் புகாரோடு வந்தார். கணவர் அடித்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மாமியார் தனித் தட்டு வைத்ததையும் சாதிப் பேர் சொல்லித் திட்டியதையும் சொல்லத்தான் நேரம் பிடித்தது. காவலர் அடித்ததை மட்டும் எழுதினார். "அதெல்லாம் வீட்டுக்குள்ள நடந்ததும்மா" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, சாதி சொல்லித் திட்டுவது பொதுமக்கள் பார்வையில் நடந்தால்தான் குற்றம். நாலு சுவருக்குள், வெளியாட்கள் இல்லாதபோது நடந்தது இதில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உறவினர்கள் மட்டும் பார்த்தது போதாது. புகுந்த வீட்டில் உறவினரைத் தவிர வேறு யார் இருப்பார்கள்?

பழைய 498ஏ, இன்றைய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு, கணவர் வீட்டாரின் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. மனநலத்தைக் குலைப்பதும் அதில் கொடுமைதான். ஆனால் சாதி என்ற சொல்லே அங்கு இல்லை.

குடும்பத்துக்குள் நடக்கும் சாதி வசவுக்கு 'பொதுமக்கள் பார்வை' என்ற நிபந்தனை நீக்கப்பட வேண்டும். அதுவரை, புகார் கொடுக்கப் போகும் தோழிக்குத் துணையாகப் போங்கள். அந்த வசவுகளைச் சொன்னது சொன்னபடி எழுதவையுங்கள். எழுதாத கொடுமையை எந்த நீதிபதியும் விசாரிக்கப்போவதில்லை.

சாதி மறுப்பு மணங்களுக்கு மேடையில் மாலை போடுகிறோம். அந்தப் பெண் போய்ச் சேர்ந்த வீட்டு வாசலோடு நம் வேலை முடிந்துவிடுமா?