கையில் கணக்கேடு, பெயரில் காணி

மொரப்பூர் வட்டாரத்துக் கேழ்வரகுக் கொல்லைகளில் களை எடுப்பவரும் கதிர் அறுப்பவரும் பெரும்பாலும் பெண்களே. ஆடவர் பலர் பிழைப்புத் தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட, நிலத்தையும் இல்லத்தையும் காப்பவர் அவர்களே. ஆயினும் ‘உழவர் யார்?’ என்று வினவினால் நாம் ஆடவரையே சுட்டுகிறோம்.

நம் நாட்டின் ஐந்தாண்டுத் திட்டங்களும் நெடுங்காலம் பெண்ணை உதவி பெறுபவளாகவே கண்டன. 1980இல் தொடங்கிய ஆறாம் திட்டத்திலேதான் மகளிர் முன்னேற்றத்திற்கெனத் தனி அதிகாரம் முதன்முதலாக இடம்பெற்றது. அக்கருத்து ஏட்டைவிட்டு இறங்கி நம் மாவட்டத்திற்கு வந்த ஆண்டு 1989. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையுடன் தமிழக அரசு மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தருமபுரியிலேதான் முதலில் தொடங்கியது. வங்கியின் படியேறக் கூசிய பெண்கள் தம் பெயரில் கணக்கேடு பெற்றனர். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமும் 2023 ஜூலை 24 அன்று நம் தொப்பூரிலேயே தொடங்கி வைக்கப்பட்டது.

இவை நற்பணிகளே. எனினும் அதே 1989இல் பிறந்த மற்றோர் உரிமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்துக் குடும்பங்களின் மூதாதையர் சொத்தில், அன்று மணமாகாதிருந்த மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கினைத் தமிழகச் சட்டம் வழங்கியது. 2005இல் அவ்வுரிமை மணமான மகளிர்க்கும் நாடு முழுவதும் உரியதாயிற்று. கிறிஸ்தவர்களாகிய நமக்கோ 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே, உயில் எழுதாது இறந்த தந்தையின் சொத்தில் விதவைத் தாயின் பங்கு போக எஞ்சியதை ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் அனைவர்க்கும் சமமாகப் பகிர்கிறது.

நடப்பது யாது? ‘நகையும் சீரும் செய்து அனுப்பினோமே’ என்று கூறி, மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறுகிறோம். மறுத்தால் பிறந்தகத்தின் கதவு அடைபடுமோ என்றஞ்சி அவளும் ஒப்பமிடுகிறாள். நகை அடகுக்குப் போகும். நிலம் நிலைத்து நிற்கும். பட்டா இல்லாதவளுக்குப் பயிர்க்கடன் கிடைப்பது அரிது. 2019 முதல் நடுவண் அரசு உழவர்க்கு ஆண்டுதோறும் வழங்கும் 6,000 ரூபாயும் நிலம் எவர் பெயரில் உள்ளதோ அவர் கணக்கிற்கே செல்கிறது. ஆண்டு முழுவதும் அந்நிலத்தில் உழைப்பவள் அரசின் ஏட்டில் உழவராக இடம்பெறுவதில்லை.

கணக்கேட்டை அரசு தரலாம்; காணியில் பங்கினைத் தர வேண்டியது இல்லமே. ஆகவே பெற்றோரே, நீங்கள் நலமுடன் இருக்கும்போதே மகனோடு மகளையும் அமர்த்திப் பேசி, அவளுக்குரியதை முறைப்படி எழுதி வையுங்கள். உடன்பிறந்தோரே, தங்கை நீட்டும் கையொப்பத்தைப் பெறுமுன், அவள் மனமுவந்து இடுகின்றாளா என்று ஒருமுறை கேளுங்கள். நீதி முதலில் நம் வீட்டுத் திண்ணையில் பிறக்கட்டும்.