சிரிச்ச முகமும் ரெண்டாவது கேள்வியும்

"செய்யுற வேலையை நேசிங்க, கஸ்டமர் சர்வீஸ் தானா நல்லா வரும்."

எந்த ஹெச்.ஆர். பயிற்சி வகுப்புக்குப் போனாலும் இந்த வரி வந்துடும். பாதி உண்மைதான். மீதிப் பாதியை யாரும் பேசறதில்ல. ஓசூர் பக்கம் நோயாளி பார்க்கிற டாக்டரா அதைப் பத்திக் கொஞ்சம் எழுதறேன். நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல, வேலையை நேசிக்கிறவங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிரிச்ச முகத்தை வெச்சுன்னு நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது ரெண்டாவது கேள்வியில்தான் தெரியும்.

இந்தப் பகுதிக்கே உரிய உதாரணம் ஒண்ணு. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், அவங்களுக்கு உதிரிபாகம் செய்யுற நூத்துக்கணக்கான சின்னக் கம்பெனிகள்னு ஷிஃப்ட் சைரனை நம்பி வாழுற ஊர் இது. சர்க்கரை நோயாளி ஒருத்தர் வர்றார். கிளிமிபிரைடு மாத்திரை எழுதியிருக்கு. "காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க" என்று மருந்து கொடுக்கிற இடத்தில் சொல்லிடறாங்க. சரியான தகவல். முகமலர்ச்சியோடும் சொல்லியாச்சு.

ஆனா அவருக்கு நைட் ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார், மாத்திரையைப் போடுவார், அசதியில் சாப்பிடாமலே படுத்துடுவார். அந்த மாத்திரை சாப்பாடு வந்துச்சா இல்லையான்னு பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்க வெச்சுக்கிட்டே இருக்கும். தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கும். வீட்டில் இருக்கிறவங்க "அசந்து தூங்கறார், எழுப்பாதீங்க" என்பாங்க.

"அண்ணே, இந்த வாரம் எந்த ஷிஃப்ட்டு?" என்று மருந்து கொடுக்கிறவர் கேட்டிருந்தா போதும். அந்தக் கேள்வி எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்காது. இவர் வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவார்னு யோசிக்கிறவருக்குத்தான் அது தோணும்.

நல்ல பைக் மெக்கானிக்கைப் பாருங்க. "வண்டி சத்தம் போடுது"ன்னா உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். "ஸ்டார்ட் பண்ணினதும் வருதா, சூடானப்புறமா? கிளட்ச் பிடிச்சா நிக்குதா?" என்பார். எம்பிபிஎஸ்ஸில் எங்களுக்கு வருஷக்கணக்கா சொல்லிக் கொடுக்கிறதும் இதேதான். 😀

அத்திப்பள்ளி எல்லை பக்கத்திலேயே இருக்கு. வலியைத் தமிழில் வலி என்பார்கள், கன்னடத்தில் நோவு, தெலுங்கில் நொப்பி, ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்து வேலைக்கு வந்த பசங்க தர்த் என்பார்கள். நாலையும் கத்துக்கிட்டு, "எங்க? இங்கயா?" என்று தொட்டுக் கேட்கிற நர்ஸ்களை இங்கே பார்க்கலாம். யாரும் அவங்களுக்கு மொழி அலவன்ஸ் கொடுக்கல.

இப்போ மீதிப் பாதிக்கு வர்றேன். இந்த நேசம் பிறவிக் குணமா? இல்லைங்கிறது என் கருத்து. வேலை அமைஞ்சிருக்கிற விதம்தான் அதை வளர்க்குது, இல்லன்னா கொன்னுடுது.

அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு 1983ல் விமானப் பணிப்பெண்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். உள்ளே என்ன உணர்ந்தாலும் வெளியே சிரிச்சே ஆகணும்னா, அதுவும் ஒரு உழைப்பு, ஆளைத் தேய்க்கிற உழைப்புன்னு காட்டினார். ரிசப்ஷனில் "சிரிப்பு கட்டாயம்" என்று ஸ்டிக்கர் ஒட்டுற நிர்வாகங்கள் அதைப் படிக்கணும்.

இன்னொரு ஆய்வு, எமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் செய்தது. ஒரே மருத்துவமனை, ஒரே துப்புரவு வேலை. சிலர் "பெருக்கித் துடைக்கிறேன்" என்றார்கள். சிலர் நோயாளிகள் தேற உதவுறதாகச் சொன்னார்கள். பார்க்க யாரும் வராத நோயாளி யார்னு கவனிச்சு வெச்சிருந்தாங்க. கோமாவில் கிடக்கிறவரின் அறையில் சுவர்ப் படங்களை இடம் மாத்தி மாட்டின ஒருத்தரும் உண்டு. தன் வேலை யாருக்குப் போய்ச் சேருதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

இதுக்கு நம்ம மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கு. 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். பிபி, சுகர் மாத்திரை வீடு தேடி வரும். படுக்கையில் கிடக்கிறவங்களுக்கு பிசியோதெரபி, வலி தணிப்பு சிகிச்சை எல்லாம் வீட்டிலேயே. 2024ல் ஐ.நா. விருதும் கிடைச்சது.

என் பார்வையில் இதோட உயிர், வர்ற ஆள் அதே ஊர்க்காரங்களா இருக்கிறதுதான். போன தடவை பார்த்த பிபியை அந்தம்மா மறக்க மாட்டாங்க. "ஏன் பாட்டி, மாத்திரை மிச்சம் இருக்கு?" என்று கேட்க அவங்களால் முடியும், பாட்டியும் பொய் சொல்ல முடியாது. கூட்டம் நெட்டித் தள்ளுற ஓபியில் எனக்கு அந்த வசதி கிடைக்காது.

ஆனா இந்தப் பெண் தன்னார்வலர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஊக்கத்தொகைதான். "சேவை மனசோட செய்யுறாங்க" என்று மேடையில் பாராட்டறோம். அந்தப் பாராட்டு ஊதியத்துக்குப் பதிலாகாது. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருது. வேலையை நேசிக்கிறவங்களுக்குக் கம்மியா கொடுத்தா போதும்னு ஒரு கணக்கு ஓடுது. நர்ஸ், துப்புரவுப் பணியாளர், கம்பெனி கான்ட்ராக்ட் லேபர் எல்லாருக்கும் இதே கணக்குதான்.

உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டைச் சேர்த்தப்போ அதை நோய்னு சொல்லல. சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. மூணு அடையாளம்: சோர்வு, வேலை மேல் வெறுப்போ விலகலோ, செயல்திறன் குறைவு. ரெண்டாவதைத்தான் கவுன்ட்டரில் "எரிஞ்சு விழுறான்" என்கிறோம். கோளாறு பல நேரம் அந்த ஆளிடம் இல்ல, டூட்டி ரோஸ்டரில் இருக்கு.

அதனால் மருத்துவமனை நடத்துறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்மைலி போட்ட ஃபீட்பேக் மெஷினை வாங்குறதுக்கு முன்னாடி, போன வாரம் ஐசியூவுக்கு அனுப்பின நோயாளி என்ன ஆனார்னு வார்டு நர்ஸுக்கும் ஆயாம்மாவுக்கும் சொல்ல ஆரம்பிங்க. செலவு ஒரு ரூபாய் கூட ஆகாது. அடுத்து செலவாகுற விஷயம்: டபுள் டூட்டியை நிறுத்துங்க.

நைட் ஷிஃப்ட் போற சர்க்கரை நோயாளிகள் யாராவது இதைப் படிச்சா, அடுத்த தடவை டாக்டரிடம் உங்க ஷிஃப்ட்டை நீங்களே முதல்ல சொல்லிடுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, நேரத்தை மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க.