டோஸுக்கும் ஒரு பாஸ்புக்

நான் பி.காம். அணுவைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றுமில்லை. கணக்கு பற்றிப் பேச 20 வருஷ பேங்க் வேலை போதும் என்று ஒரு தைரியம் :-)

திருச்சியை விட்டுப் பழவங்காடிக்கு வந்து 3 வருஷம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைகிற சத்தத்தோடுதான் எங்கள் காலை. தமிழ் ஆபீசர் என்று தெரிந்ததும் இங்கே குடியிருக்கும் நாகர்கோவில்காரர்கள் நேராக என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். போன வாரம் வந்தவர் வெல்டர். வடக்கே ஒரு அணுமின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவராம். பாஸ்புக்கில் என்ட்ரி விழும் நேரத்தில் சும்மா கேட்டேன், "நெஞ்சில பேட்ஜ் குத்துவாங்களே, உங்க கணக்குல எவ்வளவு ஏறிச்சு?"

"அது அவங்ககிட்ட இருக்கும் சார். கூடிப் போச்சுன்னா உள்ள வரண்டாம்னு சொல்லுவாங்க."

வீட்டுக்கு வந்து இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். நம் நாட்டில் முதலில் இருந்தது பிலிம் பேட்ஜ். நம்மூர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது சரிப்படவில்லை. 1975 முதல் டி.எல்.டி. பேட்ஜ். கால்சியம் சல்பேட்டோடு டெஃப்லான் கலந்த 3 சின்ன வில்லைகள். வாங்கிய கதிர்வீச்சைச் சேமித்து வைத்திருக்கும். சூடாக்கினால் ஒளியாகக் கக்கும். அந்த ஒளியை அளந்தால் டோஸ் தெரியும். உறுதியான பொருள், திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். ஆனால் சூடாக்கியதுமே உள்ளே இருந்த கணக்கு ஏறக்குறைய காலி. வவுச்சரைப் படித்த கையோடு எரித்துவிட்டு லெட்ஜரை மட்டும் வைத்துக்கொள்வது போல. எங்கள் ஆடிட்டர் பார்த்தால் மயங்கி விழுவார்.

புதிய வகை ஓ.எஸ்.எல். இதில் சூட்டுக்குப் பதில் வெளிச்சம். ஒரு தடவை படிக்கும்போது சேமிப்பில் கொஞ்சம்தான் குறையும், சந்தேகம் வந்தால் மறுபடி படிக்கலாம். வெளிநாடுகளில் பல வருஷமாக இருக்கிறது. நம் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இதற்கென்று லித்தியம் மக்னீசியம் பாஸ்பேட்டில் ஒரு பொருள் தயாரித்திருக்கிறது. மாறட்டும், இரண்டு கையும் தூக்குகிறேன்.

என் வாதம் அதற்கு அடுத்த படி. இங்கே வரம்பு 5 வருஷத்துக்கு 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-க்கு மேல் கூடாது. காண்ட்ராக்ட் ஆளுக்கு அது உடம்புக் கணக்கு மட்டுமல்ல, வேலைக் கணக்கும். ஃபுகுஷிமாவில் 2011 டிசம்பரில் ஒரு துணை ஒப்பந்தக்காரர், மீட்டர் மேல் ஈயத் தகடு மாட்டச் சொன்னது அடுத்த வருஷம் வெளியே வந்தது. எண் குறைவாகக் காட்டினால் இன்னும் கொஞ்ச நாள் வேலை பார்க்கலாமே! எந்தப் புது வில்லை வந்து இதைப் பிடிக்கும்? 2009-ல் கைகாவில் குடிதண்ணீரில் டிரிட்டியம் கலந்ததே, அதைக்கூடக் காட்டிக்கொடுத்தது சிறுநீர்ப் பரிசோதனைதான், பேட்ஜ் அல்ல.

அதே ஜப்பானில் இன்னொன்றும் இருக்கிறது. அணு உலைத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் கதிர்வீச்சுக் கையேடு, அதாவது பாஸ்புக். எந்த நிலையத்துக்குப் போனாலும் கணக்கு அதில் ஏறும். நம் நாட்டிலும் தேசியப் பதிவேடு மும்பையில் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் கேட்டால் தருவது வேறு, கையில் கொடுப்பது வேறு. பேட்ஜ் மாற்றுகிற செலவோடு செலவாக ஆளுக்கொரு பாஸ்புக் அடித்துக் கொடுத்தால் என்ன?

படிக்கத் தெரியாது, புரியாது என்பார்கள். அன்றைக்கு அந்த வெல்டர் என்ட்ரியை வரிவரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இந்த 17 ரூபா 70 காசு எதுக்குப் பிடிச்சீங்க?"

எஸ்.எம்.எஸ். சார்ஜ். பதில் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.